எர்த் குழிக்கு உப்புத் தண்ணீர்

தம்பி, நீ டிவி மேல் வைத்துவிட்டுப் போன தாள் இன்னும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் பேனாவும் வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு இடம் தெரியாமல் போய்விடுமோ என்று அத்தனை அக்கறை. நான் ஐந்தாவது படித்தவள், அதிலும் பாதி நாள் பருத்தி எடுக்கப் போனவள்தான். ஆனாலும் பெருக்கல் குறி தெரியும். போனில் பேசிவிடலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன். நம் தெருப் பவுனு பேரை எடுத்ததுமே "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங், பொங்கல் விட்டு மறுநாளும் மீட்டிங். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள், உன்னைச் சிரிக்கவைத்தும் வெகுநாளாகிறது. இதை மடித்து ஒட்டி ரகசியமாக அனுப்பப் போவதில்லை. என்னோடு சோலார் பேனல் கழுவுகிற ஐந்து பேருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் இன்று ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். உன் கம்பெனிக்காரர்கள் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும்.

உனக்குத் தெற்கே இதைவிடப் பெரிய சோலார் பண்ணையில் பெரிய வேலை கிடைத்து, அங்கேயே போய்விட்டாய். சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவேண்டிய வாய் இது, உனக்கே தெரியும். நீ பெரம்பலூரில் பாலிடெக்னிக் சேர்ந்த அன்றைக்கே டீக்கடை வரைக்கும் போய் "எம் பையன் கரண்டுக்குப் படிக்கிறான், இனிமே ஈ.பி. ஆபீஸ்காரன் நம்ம வூட்டு வாசல்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் வரணும்" என்று அளந்தவள் நான். நம் ஊருக்குக் கிழக்கே, அரியலூர் ரோட்டை ஒட்டியிருந்த மக்காச்சோளக் கொல்லைகளை வளைத்துக் கண்ணாடி நட்டபோது, அங்கேயே உனக்கு வேலை கிடைத்தது. பேனல் கழுவப் பெண்கள் வேண்டுமென்றார்கள். பவுனையும் சேர்த்து ஆறு பேரையும் வூடு வூடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். வேப்பந்தட்டையிலிருந்து நம் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பவுனு முதலில் தயங்கினாள். "கரண்டாச்சே அக்கா" என்றாள். "அங்க சார் யாரு தெரியுமா, நான் பெத்த புள்ள. கரண்டு அவன் சொன்ன பேச்சக் கேக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் வந்துவிட்டாள். வேலைக்குப் போன முதல் நாளே நீ என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இங்க பேர் சொல்லிக் கூப்புடாதீங்கம்மா, சார்னு சொல்லுங்க" என்றாய். அன்றைக்கு முழுக்க உன்னை விடவில்லையே நான். "சார், கஞ்சி குடிச்சீங்களா சார்? ஜட்டி காய்ஞ்சிருச்சு சார், எடுத்து மடிச்சு வச்சிட்டேன் சார்." பவுனு சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்துவிட்டாள்.

உன் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். அவர் கிளப்பிவிடுகிற புழுதி அத்தனையும் வந்து உன் கண்ணாடி மேல் உட்காரும், அதை நான் கழுவவேண்டும். புழுதி உட்கார்ந்தால் கரண்டு குறையும், கரண்டு குறைந்தால் சென்னையிலிருந்து உனக்கு போன் வரும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடித்துவிடும் என்று விடிந்தும் விடியாமல் எங்களை இறக்கிவிடுவாய். பனியும் ஈரமுமாக, கால் சகதியில், கை இரும்புச் சட்டத்தில். பூட்ஸ் கொடுத்தீர்கள், மறக்கவில்லை. போட்டோ எடுத்த அன்றைக்குக் கொடுத்தீர்கள். மறுநாள் வேறு ஊரில் போட்டோ எடுக்கவேண்டும் என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனீர்கள்.

எர்த் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். படிக்கிற காலத்தில் நம் வீட்டு கிரைண்டர் தொட்டால் விர்ரென்று இழுக்கும். நான் அதையும் வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் "மாவ கொஞ்சம் வழிச்சுக் குடுடி" என்று சொல்லிவிட்டு, அவள் துள்ளுவதைப் பார்த்துக் கைதட்டுவேன். நீ லீவில் வந்தபோது என்னைத் திட்டினாய். "சிரிக்கிற விஷயமாம்மா இது? கரண்டு எங்கியாவது ஒழுகுனா அது மண்ணுக்குள்ள எறங்க ஒரு வழி வேணும். நீங்க வழி வுடலன்னா உங்க ஒடம்பு வழியா எறங்கும்" என்றாய். வீட்டுக்குப் பின்னால் இரண்டு நாள் கடப்பாரை போட்டாய். கீழே பாறை வந்தது. இடத்தை மாற்றித் தோண்டினாய், அங்கேயும் வந்தது. மூன்றாவது இடத்தில் ஈர மண் கிடைக்கும்வரை விடவில்லை. கை கொப்பளித்துப் போய்ச் சோற்றைப் பிசைய முடியாமல் நான் ஊட்டிவிட்டேன். கம்பியை முழுசாக இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிவிட்டு, "இனிமே கிரைண்டர் உங்கள கடிக்காதும்மா" என்றாய். இன்று வரைக்கும் கடிக்கவில்லை. ஒரு கிரைண்டருக்கு அப்படித் தோண்டியவன் நீ. தெரியாமல் செய்தவனாக இருந்தால் நான் இத்தனை பக்கம் எழுதமாட்டேன்.

அந்தப் பண்ணை இருக்கிற பூமி உனக்குத் தெரியும். மேலே இடுப்பளவு மண், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கட்டுகிற காலத்தில் நானும் அங்கே சித்தாள் வேலை பார்த்தேன். எர்த் கம்பி இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கவேண்டுமாம். இடுப்பளவு போனதும் நின்றுவிடும். காண்ட்ராக்டர் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஆக்சா பிளேடால் மிச்சத்தை அறுத்துவிட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, சுற்றிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, மூடி போட்டு நம்பர் எழுதினார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. அறுத்துப்போட்ட துண்டுகளில் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்துவந்து வெள்ளாடு கட்ட முளையாக அடித்துக்கொண்டேன். தங்கம் மாதிரி மினுக்குகிறதே என்று ஆசை. நீ வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அதைப் பார்த்தாய். "இது எங்கேர்ந்தும்மா?" என்று கேட்டாய். சொன்னேன். அப்படியே ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

நீ சும்மா இருந்தாய் என்று சொல்லமாட்டேன். பாறையைத் துளை போட்டுத்தான் கம்பி இறக்கவேண்டும், அதற்கு மிஷின் அனுப்புங்கள் என்று ஆபீசுக்கு இரண்டு தடவை எழுதினாய். பதில் வரவில்லை. மூன்றாவது தடவை எழுதுவதற்குப் பதிலாக உப்பு மூட்டை வாங்கிவந்தாய்.

மறுநாள் எர்த் குழிகளைச் சோதனை செய்ய ஆபீசர் வருகிறார் என்று சொன்னாய். ஏழு பேரும் வரிசையாக நின்று டிரம்மில் உப்பைக் கரைத்தோம். குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு குழியிலும் ஊற்றினோம். மண் குடிக்கக் குடிக்க ஊற்றினோம். "எதுக்கு சார் இது?" என்று பவுனு கேட்டாள். உனக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "பூமாதேவிக்கு ஊறுகா போடுறோம்டி. சார் வூட்டுல நான் போடற ஊறுகா நல்லால்லயாம்." அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆபீசர் வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார், எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போனார். அவர் மேல் குற்றமில்லை, உப்பும் ஈரமும் இருந்தால் மண் கரண்டைக் குடிக்கும், அப்போது மீட்டர் காட்டியதை அவர் எழுதினார். உப்பு போடுவது தப்பில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். கம்பி இறங்காத குழிக்கு உப்பு போட்டது தப்பு. பத்து நாள் வெயிலில் அந்தக் குழிகள் பொரிவிளங்காய் உருண்டை மாதிரி காய்ந்து கிடந்தன.

கார்த்திகை பிறந்து பனி விழ ஆரம்பித்ததும் பேனல் கரண்டை வாங்கி லைனுக்கு அனுப்புகிற உன் இன்வெர்ட்டர் பெட்டி அடம் பிடித்தது. காலையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு, எட்டு எட்டரை வரைக்கும் ஓடவே ஓடாது. எங்கேயோ கரண்டு ஒழுகுகிறது, பார்த்துச் சரி செய்யாமல் ஓடமாட்டேன் என்று அது சொல்வதாக நீதான் எனக்குச் சொன்னாய். பெட்டிக்கு இருந்த புத்தி. சென்னைக்காரர் தினமும் ஏழு மணிக்கே போன் போட்டு, "பக்கத்து சைட்ல யூனிட் ஏறுது, உங்க சைட்டு மட்டும் ஏன் தூங்குது?" என்று கேட்பார். நீ ஒரு வாரம் ஒயர் ஒயராகத் தேடினாய். ஆயிரக்கணக்கான ஒயரில் எதை என்று பார்ப்பாய். எட்டாம் நாள் தேடுவதை விட்டுவிட்டு லேப்டாப்பைச் சொருகி என்னமோ தட்டினாய், சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பெட்டி பொழுது கிளம்பும்போதே ஓட ஆரம்பித்தது. யூனிட் ஏறியது. ஆபீசில் உன்னைப் பாராட்டினார்களாம். இப்போது கிடைத்திருக்கிற பெரிய வேலைக்கு அதுதானே காரணம்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கை கூச ஆரம்பித்தது. சட்டத்தைத் தொட்டால் எறும்பு ஊர்வது மாதிரி ஜிவ்வென்று ஏறும். எல்லா இடத்திலும் இல்லை, கடைசி இரண்டு வரிசையில் மட்டும். பெண்கள் உன்னிடம் வந்து சொன்னார்கள். "எர்த் ரிப்போர்ட் சரியா இருக்குங்க, பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றாய். அவர்கள் திருப்தியாகாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். இங்கேதான் என் கணக்கு வருகிறது தம்பி, நன்றாகப் படி. எனக்குத் தெரியும். கம்பி அறுத்தது தெரியும், உப்பு ஊற்றியது தெரியும், விளக்கை நீ அணைத்தது தெரியும். உலகத்திலேயே இந்த மூன்றும் தெரிந்த ஆள் நீயும் நானும்தான். அந்தப் பெண்களோ என் பேச்சை நம்பி வந்தவர்கள். நான் என்ன செய்தேன்? அதையும் வேடிக்கையாக்கினேன். "கண்ணாடி உங்களக் கூச்சம் காட்டி வெளையாடுதுடி, குடுத்து வச்சவளுங்க" என்றேன். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். உன் ரிப்போர்ட்டை அவர்கள் நம்பவில்லை, என் சிரிப்பைத்தான் நம்பினார்கள். ஒருத்தி பயந்து கை எடுத்தால் அவளைக் கேலி செய்தே மறுபடி கை வைக்கவைத்தேன். எனக்கு அது சுலபம். அடி உதையில்லாமல், அதட்டல் இல்லாமல் ஆளை வேலை வாங்குகிற வித்தை. உன் கம்பெனி அதற்கென்று தனியாக ஒரு ஆள் போடவேண்டியதில்லை.

அன்றைக்குக் காலையும் அப்படித்தான். நல்ல பனி. கடைசி வரிசைக்குப் போனதும் பவுனு கையை உதறிக்கொண்டு, "அக்கா, இன்னைக்கி ரொம்ப இழுக்குது, வேணாம். வெயில் வரட்டும்" என்றாள்.

"உம் புருசன் தொட்டாக்கூட நீ இப்படி நெளிஞ்சதில்ல, கண்ணாடி தொட்டா நெளியறியே. அவன்கிட்ட சொல்லிருவேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "போக்கா, ஒன்னும் நெளியல" என்று சொல்லி, எங்களுக்குக் காட்டுவதற்காகவே சட்டத்தை இறுகப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் நடிக்கிறாள் என்று நினைத்தோம். எண்ணிப் பார், பெற்ற பிள்ளையின் சம்பளத்தை எண்ணுவது போல அந்த நொடிகளை நான் தினமும் எண்ணுகிறேன், நாங்கள் சிரித்துக்கொண்டே நின்ற நொடிகளை. அவள் கண்ணைப் பார்த்த பிறகுதான் வைப்பரின் மரக்கட்டையால் அவள் முழங்கையில் ஓங்கி அடித்தேன். விடுபட்டவள் பின்னால் இருந்த வரிசையின் இரும்பு மேல் போய் விழுந்தாள். நீ ஓடிவந்து பேனலுக்கு அடியில் குனிந்து பார்த்தாய். அணில் கடித்த ஒயர் ஒன்று சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒயரை ஒரு வாரம் தேடினாயே, அதுதான்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வலது உள்ளங்கை வெந்திருக்கிறது, விரல் மடங்கவில்லை. இடது கையால் இட்டிலியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள், "வாக்கா. ரெண்டு நாளா அழுத மூஞ்சியாவே வந்து பாக்குறாளுவ. நீயாவது எதாச்சும் சொல்லிச் சிரிக்க வையேன்" என்றாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஓயாத வாய், ஒரு வார்த்தை வரவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். "காலணி அணியாமல் ஈரத்தில் நடந்ததால் கால் வழுக்கி விழுந்தார். நான் நேரில் பார்த்தேன்." அதற்குக் கீழே என் பேர். காலணி அணியவில்லை என்பது நிஜம்தான். விழுந்ததும் நிஜம்தான். இரண்டு நிஜத்துக்கு நடுவில் 'வழுக்கி' என்ற ஒரே வார்த்தையைச் சொருகி இவ்வளவு பெரிய பொய்யை எழுதியிருக்கிறாய், நீ படித்தவன்தான். நீ எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் உன் அப்பா கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனாய். வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து தெருவெல்லாம் காட்டினேன். "எம் புள்ள அவுங்கப்பன் கையெழுத்த அவுங்கப்பன விட அழகா போடறான் பாருங்க" என்றேன். அன்றைக்கு உன்னை ஒரு அறை விட்டிருந்தால் இன்றைக்கு இந்தத் தாளுக்கு வேலை இல்லாமல் போயிருக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் சிரித்தேன், அது மட்டும் தெரியும்.

உன் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். லாரியிலிருந்து இறங்கி முகம்கூடக் கழுவவில்லை.

"ஒரு கையெழுத்து தான. போட்டுத் தொலையேன். பையன் பொழப்புடி" என்றார்.

"அவ கையி?"

"அதுக்கு நீ கையெழுத்துப் போடாம இருந்தா வெரல் மடங்கிருமா?"

நியாயமான கேள்விதான். மடங்காது. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து விக்கிரமங்கலத்துப் பெண்களை வேனில் கூட்டி வரப்போகிறார்களாம், எங்கள் ஆறு பேருக்குப் பதிலாக. அவர்களுக்கு அந்த வரிசை தெரியாது. அணில் கடித்தது அந்த ஒரு ஒயர் மட்டும்தான் என்று நீ சத்தியம் செய்வாயா? கம்பி இன்னும் இடுப்பளவில்தான் நிற்கிறது. பெட்டி இன்னும் பச்சையைத்தான் காட்டுகிறது. கால் வழுக்கியது என்று நான் எழுதிக்கொடுத்தால், அவர்களில் ஒருத்திக்குக் கால் வழுக்கும்.

புதிய இடத்தில் உனக்குக் கீழே இன்னும் நிறையப் பெண்கள் வேலை செய்வார்கள். ஒருத்தி கை கூசுகிறது என்று சொன்னால் வேலைக்குச் சோம்பல் பட்டுச் சொல்கிறாள் என்று நினைக்காதே. மீட்டர் பார்க்கிற அன்றைக்கு மண் ஈரமாக இருந்தால், யார் ஊற்றியது என்று கேள். பெட்டி ஓடமாட்டேன் என்றால் ஓடவேண்டாம், யூனிட் தூங்கட்டும். அந்தக் கூட்டத்தில் எப்போதும் சிரிக்கவைக்கிற ஒருத்தி இருப்பாள், எங்கேயும் இருப்பாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. உன் வேலையை அவள் சுலபமாக்கிவிடுவாள்.

தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஒன்றில் போட்டேன். திங்கட்கிழமை மனு நாளில் பவுனு புருஷனோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய், கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்தேன். ஆட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கம்பித் துண்டையும் பிடுங்கிக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். வியாழக்கிழமை சோதிக்க ஆட்கள் வருகிறார்கள். அதுவரைக்கும் குழிகள் காய்ந்தே இருக்கவேண்டும் என்று நாங்கள் ஆறு பேரும் பண்ணைக் கேட்டுக்கு முன்னால் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். நேற்று மத்தியானமே ஒரு டேங்கர் வந்துவிட்டது.

"வழி வுடுங்கக்கா, செடிக்குத் தண்ணி" என்றான் டிரைவர்.

"உள்ள ஏதுப்பா செடி? நட்டதெல்லாம் இரும்புல்ல" என்றேன்.

அவன் யாருக்கோ போன் போட்டான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். உனக்காக இருக்கக் கூடாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், பெற்றவள் இல்லையா.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருகிறார்களாம். புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் விடிவதற்குள் அரியலூர் வந்துவிடலாம். நீ வந்து நின்று நீயே சொன்னால், பக்கத்தில் நான் நிற்பேன். வேலை போகும், போகட்டும். வராவிட்டால், குழியில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்பார்கள், நான்தான் என்பேன். ஊற்றச் சொன்னது யார் என்று கேட்பார்கள். பேரைச் சொல்லுவேன் தம்பி. சார் என்று சொல்லமாட்டேன். உனக்கு நான் வைத்த பேரைச் சொல்லுவேன்.

உன் அம்மா